ஈரலில் இல்லாத கொழுப்பு

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்கு எலும்பு என்று பெயர் விழுந்ததற்கு அவன் உடம்பு காரணமில்லை. உடம்பு நன்றாகவே இருந்தது. கோழிக்காலை எடுத்தால் சதையை முடித்து, குருத்தை முடித்து, எலும்பைக் கடித்து உடைத்து உள்ளே இருப்பதையும் உறிஞ்சிவிட்டுத்தான் கீழே வைப்பான். அவன் சாப்பிட்ட தட்டைப் பார்த்தால் தெருநாய்க்கே மனசு விட்டுப்போகும் என்று கூட வேலை செய்யும் வயரிங்காரன் சொல்வான்.

அப்படிப்பட்டவன் ஒரு மத்தியானம் பாதியில் நிறுத்தினான். கோழி கெட்டுப்போயிருக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவுமில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினான், இது போதும் என்று தோன்றியது, டப்பாவை மூடினான். மறுநாளும் கறி தின்னத் தோன்றவில்லை. அடுத்த வாரமும் தோன்றவில்லை. நடந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

முதலில் மனைவி கேட்டாள்.

"எவ சொன்னா?"

"எவ என்ன சொன்னா?"

"கறி வேணாம்னு. கல்யாணமான நாள்லேருந்து பல்லு விளக்காம டீ குடிக்காதீங்கன்னு நான் கத்துறேன், காதுல விழல. இப்ப எவளோ சொன்னதும் கறியையே விட்டாச்சு. யாரு அவ?"

எலும்பு போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அதில் மோட்டார் படங்களும் அறுந்த கம்பிக்கயிற்றின் படங்களும் தவிர வேறு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டான் என்று அவள் முடிவுக்கு வந்தாள்.

கம்பெனியில் சாப்பாட்டு அறை நீளமானது. ஒரு ஓரத்தில் மைக்ரோவேவ், அதன்மேல் யாரும் துடைக்காத கறை. சுவரையொட்டிப் போட்ட பெரிய மேஜையில் மெக்கானிக்குகள் எல்லாரும் உட்கார்வார்கள். எலும்பின் டப்பாவில் பருப்பும் கீரையும் இருப்பதைப் பார்த்ததும் அந்த மேஜைக்கே ஞானம் பிறந்துவிட்டது. காலையில் சிகரெட், மத்தியானம் கறி, சாயங்காலம் மறுபடி சிகரெட் என்று வாழ்ந்துகொண்டிருந்த வயரிங்காரனுக்கு முதல் தடவையாக அடுத்தவன் புரதத்தைப் பற்றிக் கவலை வந்தது.

"சத்துக்கு என்னடா பண்ணுவ? கம்பி இழுக்கிற வேலைடா இது. கீரையைத் தின்னுட்டு மேல ஏறினா காத்தடிச்சுப் போயிடுவ."

"பருப்பு இருக்கே."

"சரி, செடிக்கு உயிர் இல்லையா? அதைப் பிடுங்குறப்ப அதுக்கு வலிக்காதா?"

இதைச் சொன்னவன் தன் வீட்டு வாசலில் இருந்த மாமரத்தைக் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்டிச் சாய்த்தவன். செடியின் வலி அவனுக்குச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் உறைத்தது.

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலையே," என்றான் எலும்பு. "நீங்க சாப்பிடுங்க. எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்."

அதுதான் அவர்களால் தாங்க முடியாததாக இருந்தது. பாவம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். சாமி என்று சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பார்கள். சும்மா பிடிக்கவில்லை என்று ஒருத்தன் சொன்னால், இத்தனை நாளாகத் தாங்கள் சும்மா பிடித்துப்போய்த்தான் தின்கிறோமா என்ற சந்தேகம் அவரவருக்கு வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்தோடு யாராலும் நிம்மதியாகக் கறி தின்ன முடியாது. ஆகவே கேலி செய்தார்கள். அவன் கைகழுவப் போன நேரத்தில் பருப்புக்குள் ஒரு துண்டு மீனைப் புதைத்துவைத்தார்கள். கண்டுபிடிக்கிறானா பார்ப்போம் என்று மேஜையே மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. அவன் கண்டுபிடித்தான், எடுத்து ஓரமாக வைத்தான், மிச்சத்தைச் சாப்பிட்டான். கோபப்படவும் தெரியாதவனாக இருக்கிறானே என்று அவர்களுக்குக் கோபம் வந்தது.

இதை ஜன்னலோர மேஜையிலிருந்து அக்கவுண்டன்ட் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து கறியைத் தொடாதவர். அதைத் தான் செய்த சாதனையாகவே சொல்வார். அந்த மேஜையில் அவரும் அவரைப் போன்ற இன்னும் இரண்டு பேரும் மட்டும்தான் உட்கார்வார்கள். மறுநாள் அவரே எழுந்து வந்து எலும்பின் தோளைத் தொட்டார். தொட்ட கையைப் பிறகு துடைத்துக்கொண்டார்.

"இங்க எதுக்குத் தம்பி கஷ்டப்படுறீங்க. நம்ம பக்கம் வந்துடுங்க."

எலும்பு போனான். அங்கே மீன் புதைக்கிறவர்கள் இல்லை. ஆனால் உட்கார்ந்த உடனே விசாரணை தொடங்கியது. வீட்டில் பழைய பாத்திரம்தானா, புதுசு வாங்கியாச்சா, முட்டை உண்டா, மனைவி சமைத்த அதே அடுப்பிலா என்று கேட்டார்கள். இரண்டாவது நாள் அவனுக்கென்று தனி டம்ளர் வந்தது. தங்கள் டம்ளரோடு சேராமல் இருக்க அதன் அடியில் சிவப்புப் பெயிண்ட் வைத்திருந்தார்கள்.

"இது எதுக்குங்க?"

"தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நாளைக்குத்தான். உடம்புலேருந்து அந்த வாடை போகணுமில்ல."

சாப்பிடும் நேரம் முழுக்க அந்த மேஜையில் கறியைப் பற்றித்தான் பேச்சு. பெரிய மேஜையில் யார் என்ன கொண்டுவந்திருக்கிறான், யார் விரலை எப்படி நக்குகிறான், எந்தத் துண்டு எங்கே சிந்தியது என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்து தின்கிறவர்களைவிட இவர்களுக்கு நுணுக்கமாகத் தெரிந்தது. கறியைத் தின்ற காலத்தில்கூட எலும்பு இவ்வளவு நேரம் அதையே நினைத்ததில்லை. வாரக் கடைசியில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தான். அக்கவுண்டன்ட் அதற்குப் பிறகு அவனைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் விருந்து. மாப்பிள்ளை வருகிறார் என்று மாமியார் விடியற்காலையிலேயே கடைக்குப் போய், கறிக்கடைக்காரனோடு வாதாடி, நெஞ்செலும்பாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். இலக்கியத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் புத்தகத்தைத் தடவுவதுபோல ஒவ்வொரு துண்டையும் தடவித் தட்டில் வைத்தார். எலும்பு சோற்றையும் காயையும் மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஏன் மாப்பிள்ளை, உப்பு கூடிப்போச்சா?"

"இல்ல அத்தை. நான் இப்பக் கறி சாப்பிடறதில்ல."

மாமியார் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"சரி, துண்டு வேணாம். சாறு மட்டும் ஊத்திக்கோங்க. அதுல கறி இல்ல, வெறும் தண்ணிதான்."

"வேணாம் அத்தை."

"என் கையால சமைச்சது பிடிக்காமப் போச்சுன்னா நேரா சொல்லிடுங்க. இவ அப்பா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல உக்காந்து ருசிச்சுச் சாப்பிட நீங்க ஒருத்தர்தான்..." மாமியாரின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையை எடுக்கப் போனார்.

எலும்பு நிமிர்ந்து பார்த்தான். எதிரே ஒரு சட்டி நிறையக் கறி, பக்கத்தில் அழுகிற மாமியார், எதிர்ப்பக்கம் சந்தேகப்படுகிற மனைவி. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

"டாக்டர் வேணாம்னுட்டாரு அத்தை. ஈரல்ல ஏதோ இருக்காம்."

வீடே மாறிப்போயிற்று. மாமியார் பாய்ந்து வந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார், அதன் வாசனைகூட மாப்பிள்ளையின் ஈரலில் பட்டுவிடக் கூடாது என்பதுபோல. திரும்பி வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஈரல் நோய்க்கு நெற்றி ஏன் சுட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. "முன்னாடியே சொல்லக்கூடாதா ராசா," என்று அதே கண்ணீரை வேறு காரணத்துக்குத் தொடர்ந்தார்.

பஸ்ஸில் வரும்போது மனைவியிடம் உண்மையைச் சொன்னான்.

"நோய் கீய் ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். "இது நல்லாத்தான் இருக்கு. ஏன் உன் புருஷன் கறி தின்னலன்னு நாலு பேர் கேட்டா நானும் என்னத்தச் சொல்றது? பிடிக்கலயாம்னு சொன்னா சிரிக்கிறாங்க. நோய்னா ஒரு மரியாதை இருக்கு."

மறுநாள் கம்பெனியிலும் அதையே சொல்லிவைத்தான். மரியாதை உடனே வந்து சேர்ந்தது. வயரிங்காரன் அவன் கருவிப் பையை வாங்கித் தானே சுமந்தான். மீன் புதைத்த கைகள் அவனுக்காகப் பழம் நறுக்கின. மேஜையில் ஒவ்வொருவருக்கும் ஈரல் கெட்டுச் செத்த ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ இருந்தார். அவர்கள் கடைசியில் எப்படி மஞ்சளாகிப் போனார்கள் என்பதை, எலும்பு சாப்பிட்டு முடிக்கும்வரை ஆறுதலாக எடுத்துச் சொன்னார்கள். அக்கவுண்டன்ட் மட்டும் ஏமாந்துபோனார். "நோய்தானா?" என்றார். "நான் என்னமோ நல்ல குணம்னு நினைச்சுட்டேன்."

எலும்புக்கு இந்த அமைதி பிடித்திருந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பும்வரை.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். அவருடைய நல்ல மனசால் பாதிக்கப்பட்டவர்கள் கம்பெனியில் நிறையப் பேர். அவனை உட்காரச் சொல்லி, ஃபோர்மேன் பதவி இனி வயரிங்காரனுக்கு என்றும், அது எலும்புக்கென்று வைத்திருந்ததுதான் என்றும், ஆனால் ஈரல் நோயாளியை லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏற்றித் தன்னால் பாவத்தைச் சுமக்க முடியாது என்றும் சொன்னார்.

"நீ ஸ்பேர் ரூம்ல உக்காந்துக்க. நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. அலுங்காம இருக்கலாம்."

"சார், எனக்கு ஒண்ணுமில்ல. அது நான் சும்மா சொன்னது."

"எல்லா நோயாளியும் இப்படித்தான் சொல்வாங்க."

எலும்பு டாக்டரிடம் போனான். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பசையைத் தடவிப் படம் பார்த்தார்கள். டாக்டர் அம்மா முடிவைப் பார்த்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"உங்க ஈரல் பிரமாதமா இருக்கு. துளிகூடக் கொழுப்பு இல்ல. இந்த வயசுல இப்படி நான் பார்த்ததில்ல. என்ன சாப்பிடுறீங்க?"

"பருப்பு, காய், கீரை. கறி இல்ல."

"ஏன்? யாராவது சொன்னாங்களா?"

"இல்லம்மா. பிடிக்கல."

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். குரல் தணிந்தது. "தூக்கமெல்லாம் சரியா வருதா? வீட்டுல ஏதாவது பிரச்சினையா? மனசு விட்டுப் பேசணும்னா எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் இருக்காரு."

ஈரல் சுத்தம் என்ற சான்றோடு சாப்பாட்டு வேளையில் சூப்பர்வைசரைப் பிடித்தான். அவர் அதைப் படித்துவிட்டு, மேஜையிலிருந்த எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டு, தன் டப்பாவை அவன் முன்னால் நகர்த்தினார். மேலாக ஒரு முழுக் கோழிக்கால் இருந்தது.

"அப்போ சாப்பிடு."

அறை முழுக்க வாய் அசைவது நின்றது. எலும்பு அந்தக் கோழிக்காலைப் பார்த்தான். நன்றாக வறுபட்டு, தோல் மினுங்கியது. அதன்மேல் அவனுக்கு வெறுப்பில்லை, ஆசையும் இல்லை. சுவரைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. தின்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது. டப்பாவைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினான்.

"வேணாம் சார். பிடிக்கல."

சூப்பர்வைசரின் முகம் சிவந்தது. பரிதாபப்பட்டு ஏமாந்துபோன மனிதரின் கோபம் அது.

"பார்த்தீங்களாடா. ஈரல்ல இல்லாத கொழுப்பெல்லாம் இவனுக்கு வாயில இருக்கு."

மேஜை சிரித்தது. ஒரு மாதமாகப் பழம் நறுக்கிய கைகளெல்லாம் ஏமாற்றப்பட்டதை நினைத்து நினைத்துச் சிரித்தன. ஜன்னலோரத்தில் அக்கவுண்டன்ட்டும் சிரித்தார். இரண்டு மேஜைகளும் ஒன்றாகச் சிரித்தது அந்த அறையில் அதுதான் முதல் தடவை.

கூண்டின் மேல் ஏறும் வேலை திரும்பக் கிடைத்தது. ஃபோர்மேன் பதவி கிடைக்கவில்லை. அது வயரிங்காரனிடமே இருந்தது. எலும்பு சாப்பாட்டு அறைக்குப் போவதை விட்டுவிட்டான். வேலை நடக்கும் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பான். அங்கே மோட்டார் சத்தம் மட்டும்தான். அது யாரிடமும் காரணம் கேட்காது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான் வயரிங்காரன். கட்டைவிரல் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் இருந்தது. ரத்தத்தில் உப்போ அமிலமோ ஏறிவிட்டது, கறி, மீன் இரண்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கீழே எல்லாரும் ரொம்பப் பிரியமாக இருக்கிறார்களாம். ஆளுக்கொரு பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிறார்களாம். அதைக் கேட்க முடியவில்லை என்று வந்திருக்கிறான். எலும்பு பெட்டியில் நகர்ந்து இடம் கொடுத்தான்.

வயரிங்காரன் தன் டப்பாவைத் திறந்தான். அவித்த காய். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எலும்பின் டப்பாவைப் பார்த்தான். அதிலும் காய்தான்.

"உனக்குத்தான் எந்தக் கேடும் இல்லையேடா," என்றான். "நீயாவது தின்னக்கூடாதா? நான் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டாவது இருப்பேன்."