பத்து நொடி நின்றால் ஒரு புள்ளி

அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது படிக்கட்டுதான். படுவதென்ன, வேறெதையும் பார்க்கவே விடாது. ஆறு பேர் கைகோத்துக்கொண்டு ஏறலாம், அவ்வளவு அகலம். மேலே கண்ணாடிக் கூரை, ஓரத்தில் உட்காருவதற்கென்று மரப்பலகை பதித்த பெரிய படிகள். லிஃப்டும் உண்டு. எங்கே என்று கேட்டால் பின்பக்கம், கிடங்கைத் தாண்டி, இரண்டு கதவுக்கு அப்பால். கண்ணெதிரே இருந்தால் எல்லோரும் அதிலேயே போய்விடுவார்கள் என்று கட்டியவர் வேண்டுமென்றே ஒளித்து வைத்தார். அதற்குச் சாவி வேறு. மருத்துவர் கடிதம் கொடுத்தால்தான் அலுவலகத்தில் சாவி தருவார்கள்.

அதை வரைந்து கட்டிய கட்டடக்காரருக்கு அந்தப் படிக்கட்டு என்றால் உயிர். பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட மனுஷன் அவ்வளவு பேசியதில்லை. "லிஃப்டுல ஏறினா ஆளாளுக்கு அவங்கவங்க செருப்பைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. படியிலதான் முகத்தைப் பார்ப்பாங்க" என்பார். சும்மா சொல்லக்கூடாது, அது பொய்யும் இல்லை. வேதியியல் துறையும் வரலாற்றுத் துறையும் பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டதே அந்தப் படியில்தான். பிள்ளைகள் அங்கே சாப்பிட்டார்கள், படித்தார்கள், சண்டை போட்டுச் சமாதானமும் ஆனார்கள். ஏறி இறங்கியே நூலகருக்குத் தொப்பை பாதி கரைந்துவிட்டது.

இதே போல இன்னொரு கட்டடம் கட்டலாமா என்று முடிவு செய்யப் பல்கலைக்கழகக் கமிட்டி கூடவிருந்தது. படிக்கட்டால் என்ன பலன் என்று ஆதாரத்தோடு காட்டச் சொன்னார்கள். கட்டடக்காரரின் அலுவலகத்தில் வரைபடம் போடும் பெண் இரண்டு வாரம் அங்கேயே உட்கார்ந்து, யார் எங்கே பத்து நொடிக்கு மேல் நின்றாலும் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். ஒரு புள்ளி என்றால் ஒருவர் நின்று பேசியதாகக் கணக்கு. அந்த விதியைப் போட்டவர் கட்டடக்காரரேதான்.

மூன்றாவது மாடியில் படி திரும்பும் இடத்தில் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி இருந்தன. தினமும் காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்னால், ஏழெட்டுப் பேர். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கமிட்டி கூடும் நாளன்று, அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்துக் காட்டிவிடலாம் என்று போனும் கையுமாகப் போய் நின்றார்.

கூட்டத்தின் நடுவில் நின்றது அவருடைய அக்கா.

அக்கா நாலாவது மாடியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். இருபத்தாறு வருஷமாக அதே பாடம். நிரந்தர வேலை இல்லை, வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த மாதம் அந்த நாள் வருகிறது. அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாணவன் ஏதோ சூத்திரத்தை விளக்க, தலையை மட்டும் ஆட்டினாள். உதடு வெளுத்திருந்தது. கட்டடக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாணவர்கள் மேலே போனதும் கேட்டார். "என்னக்கா இது?"

"மூச்சு வாங்குதுடா. ஆறு மாசமா இப்படித்தான். இதயம் சரியில்லையாம். மாத்திரை சாப்பிடுறேன்."

"இவங்கல்லாம் ஏன் நிக்கிறாங்க?"

"நான் நின்னா என்னைத் தாண்டிப் போகமாட்டாங்க, மரியாதையாம். சும்மாவே நின்னா சந்தேகம் வந்துடும் இல்ல? அதான் ஒரு கணக்கைப் போட்டுடுவேன். கேள்வி கேக்குறதுக்குத்தான் என் மூச்சு. பதில் சொல்றதுக்கு அவங்க மூச்சு." அக்கா சிரித்தாள்.

"லிஃப்டுல போய்த் தொலைய வேண்டியதுதானே?"

"கடிதம் குடுக்கணுமே! குடுத்தா அடுத்த மாசம் யாரு என்னைப் புதுப்பிப்பா? நீ வாயைத் திறந்துடாதேடா. வீட்ல எனக்கு யாரு இருக்கா? அந்த வகுப்பு ஒண்ணுதான்."

சரி என்று தலையாட்டினார். அப்போது உண்மையாகவே ஆட்டினார்.

பதினோரு மணிக்குக் கமிட்டி. வரைபடத்தைப் பார்த்துத் துணைவேந்தர் பூரித்துப்போனார். "மூணாவது மாடியில அப்படி என்ன விசேஷம்?" என்றார். வெளிச்சம் நல்லா வரும் என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவது கட்டடம் கைக்கு வந்திருக்கும், அக்காவும் தப்பித்திருப்பாள். ஆனால் அந்த வெளுத்த உதடு கண்ணுக்குள்ளேயே நின்றது. என்றைக்காவது ஒரு நாள் அவள் அங்கேயே சரிந்து விழுவாள், தான் போட்ட படியில் விழுவாள் என்று தோன்றியதும் மனுஷன் வரைபடத்தை மடக்கி வைத்தார்.

"அது பேசுறதுக்காக நின்ன கூட்டம் இல்லைங்க. முடியாம நின்னது. லிஃப்டை முன்பக்கம் கொண்டுவரணும், சாவி இல்லாம."

"முடியாம நின்னது யாரு?"

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "எங்க அக்காதான்."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். லிஃப்டை முன்பக்கம் வைக்கவும் ஒப்புக்கொண்டார்கள், அடுத்த வருஷம். அக்காவுக்கு மட்டும் உடனே செய்தார்கள். உடல்நலம் கருதி ஓய்வெடுக்கலாம், இத்தனை வருஷச் சேவைக்கு நன்றி என்று கடிதம் வந்தது. அவ்வளவு அக்கறையான கடிதம். நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால்கூடத் தேவலை.

அவர் ஒரு வாரம் போன் செய்து பார்த்தார். எடுக்கவில்லை என்றதும் நேரிலேயே போனார். அக்கா கதவைத் திறந்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. மேஜையில் திருத்தாத விடைத்தாள் கட்டு ஒன்று கிடந்தது. வேறு யாரோ வந்து வாங்கிப் போவார்களாம்.

"படியில விழுந்து உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்? அதான் சொன்னேன்."

"தெரியும்டா. பாசத்துலதான் சொன்னே."

பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"மூச்சு வாங்கினாலும் மேல என் வகுப்பு இருந்துச்சு. இப்ப மூச்சே வாங்கல. போறதுக்குத்தான் இடமில்ல."