நீக்கிய ஓர் எஸ்

அந்தப் பெரிய சலவை ஆலையின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டுக்கு வைத்த பட்டப்பெயர் கிராமர். யார் எழுதிக் கொடுத்த ஆங்கிலமானாலும் அவள் விரல் பட்டால் பிழை நிற்காது என்று மேனேஜரே சொல்வார். அந்தப் பெருமைதான் அவளைக் குழியில் தள்ளியது.

போன வாரம் நீராவி இயந்திரத்தின் குழாயை மெக்கானிக் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது வால்வு திறந்துகொண்டது. அவருடைய வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று. வால்வுக்கு இரண்டு சாவிகள். ஒன்று, நாலு ஆப்பரேட்டர் பெண்களில் அன்று வேலையில் இருப்பவளிடம்; மற்றொன்று சூப்பர்வைசரிடம். பழுது நடக்கும்போது ஆப்பரேட்டர் தன் சாவியைச் சூப்பர்வைசரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சூப்பர்வைசரின் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. மெக்கானிக் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து, மேலதிகாரிகள் படிப்பார்களே என்று, இடது கையால் ஆங்கிலத்தில் வாக்குமூலம் கிறுக்கி அனுப்பியிருந்தார். அதை டைப் செய்தவள் இவள்தான்.

இப்போது விசாரணை. மேசையின் ஒரு பக்கம் மேனேஜர். எதிரே, அன்று வேலையில் இருந்த ஆப்பரேட்டர் நெட்டை. ஓரமாக சூப்பர்வைசர். அவர் டைப்பிஸ்ட்டின் கணவருக்கு மூத்த அக்கா, அவளுக்கு அண்ணி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

டைப்பிஸ்ட் அடித்த தாளை மேனேஜர் படித்துத் தமிழிலும் சொன்னார். சூப்பர்வைசர் வரவில்லை. ஆப்பரேட்டர் தன் சாவியால் வால்வைத் திறக்கிறாள்.

நெட்டையின் முகம் சுண்டிப்போனது. "திறந்தது நான்தான் சார், இல்லைன்னு சொல்லல. ஆனா அது என் சாவி இல்ல. என்னோடதைக் காலையிலயே குடுத்துட்டேன்." யாருடைய சாவி என்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

அப்படி யாரும் தரவில்லை என்றார் சூப்பர்வைசர், குரலை உயர்த்தாமல். சாவியை ஒளித்து வைத்துக்கொண்டு திறந்தவளுக்கு வேலை இல்லை என்பது ஆலையின் சட்டம். மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார்.

டைப்பிஸ்ட்டுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. மடியிலிருந்த கோப்பை மெல்லத் திறந்து மெக்கானிக்கின் கிறுக்கலைப் பார்த்தாள். 'சூப்பர்வைசர் நாட் கம். ஆப்பரேட்டர்ஸ் ஓப்பன்ஸ் வால்வ் வித் ஹர் கீ.'

எழுவாயிலும் எஸ், வினையிலும் எஸ். இரண்டும் சேர்ந்து நிற்காது, ஒன்று போக வேண்டும். அன்று யோசிக்காமல் ஆப்பரேட்டர்ஸில் இருந்த எஸ்ஸை நீக்கினாள். நாலு பேர் ஒருத்தியாகிவிட்டார்கள். 'ஹர்' போய் அந்த ஒருத்தியோடு ஒட்டிக்கொண்டது. வினையில் இருந்ததை நீக்கியிருந்தால்? ஆப்பரேட்டர்கள் எல்லோரும் வழக்கமாகத் திறக்கிறார்கள். பலருடைய சாவி என்றால் 'தெயர்' என்றல்லவா வரும்? 'ஹர்' என்றால் ஒருத்தியுடையது. முந்தின வாக்கியத்தில் இருக்கும் ஒரே பெண் சூப்பர்வைசர்.

தலையை நிமிர்த்தினாள். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் கோப்பின் மேல் இறங்கியது. மேனேஜரின் பேனா கையெழுத்துக் கோட்டைத் தொட்டது.

"சார், ஒரு நிமிஷம். அந்த வரியை நான் மாத்திட்டேன்."

எந்த எழுத்து எங்கிருந்து போனது என்று சொல்லி முடித்தாள். மேனேஜர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரு எஸ்ஸுக்காக இவ்வளவா என்று சூப்பர்வைசர் சிரித்தார். படிக்காதவர் எழுதியது, எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மேனேஜர் மெக்கானிக்குக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தார். யார் சாவியால் திறந்தார்கள் என்று கேட்டார்.

"அவங்க சாவிலதான் சார் திறப்பாங்க. எப்பவும் அப்படித்தான்."

உன் சாவிதான் என்பதுபோல் மேனேஜர் நெட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். ஆங்கிலமாவது ஒருத்தியா பல பேரா என்று காட்டிக் கொடுத்தது. தமிழில் 'அவங்க' பலரையும் குறிக்கும், மரியாதைக்கு ஒருவரையும் குறிக்கும்; அது அதையும் மூடிவிட்டது. போனை வைக்கப் போன கையை டைப்பிஸ்ட் ஏறக்குறையப் பிடித்தேவிட்டாள்.

"அண்ணே, நான் டைப் அடிக்கிறவ பேசறேன். அவங்கன்னா எவங்க?"

போனில் மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சூப்பர்வைசரம்மாதான். அவங்க சாவி ஜன்னலோரம் ஆணியில தொங்கும். வேலை நிக்கக் கூடாதுன்னு அவங்களே மாட்டிட்டுப் போவாங்க. நாலு பொண்ணுங்களும் அதை எடுத்துத்தான் திறக்கும். ரிப்பேர்னா அவங்களே வந்து எடுத்துட்டுப் போகணும், அன்னிக்கு வரல. நெட்டை எடுத்துச்சு. சாவி தொங்கினா ரிப்பேர் முடிஞ்சுதுன்னுதானே நினைக்கும்?"

நெட்டை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சூப்பர்வைசர் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வைத்தார்.

நெட்டைக்கு வேலை நிலைத்தது. சூப்பர்வைசரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். வாக்குமூலத்தில் கை வைத்ததற்காக டைப்பிஸ்ட்டுக்கும் ஒரு மெமோ வந்தது. அதை மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை மாடிப்படியில் அண்ணி அவளை நிறுத்தினார். "ஒரு எழுத்துதானே. விட்டிருக்கக் கூடாதா?"

"விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் அண்ணி. எடுத்ததுதான் தப்பாப் போச்சு."

அண்ணி இறங்கிப் போனார். இருவருக்கும் ஒரே பஸ்தான். அவர் முன்னால் உட்கார்ந்தார், இவள் கடைசி இருக்கைக்குப் போனாள். வீட்டில் கணவனிடம் தானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள்.