உப்புத் தொட்டியில் சரீபா

சாய்ந்தமருதில் பெண் யாராவது மவுத்தானால், அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்டுகிறவள் சரீபா. இருபத்தாறு வருடமாகச் செய்கிறாள், கூலி வாங்குவதில்லை. ஜனாஸா வீட்டுக்காரர் ஓடி வந்து அழைத்துப் போவார்கள். கலியாண வீட்டுக்காரர் மறந்து போவார்கள். கை சுத்தமானவள், கண்டதை வெளியில் சொல்லாதவள் என்று ஊர் புகழும். அவள் வீட்டில் ஒரு வாய் தேநீர் குடிக்கச் சொன்னால் அதே ஊருக்கு வயிறு சரியிருக்காது. என்ன செய்வது, ஊர் அப்படித்தான்.

புருஷன் போய் ஒன்பது வருடம். பிள்ளையில்லை. ஐம்பத்தெட்டு வயதில் தூக்கமும் போனது. காரணம் அவளுக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. பாயில் சாய்ந்ததும் ஒரே யோசனைதான்: ஊரையெல்லாம் நான் குளிப்பாட்டினேன், என்னை யார் குளிப்பாட்டுவது? தம்பி மகள் றினோஸா இருக்கிறாள், ஆனால் கத்தாரில். அவள் விமானம் ஏறுவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். யாரோ ஒருத்தி கடமைக்கு வருவாள். அந்தக் கடமைக் கையை நினைத்தாலே சரீபாவுக்கு உடம்பு கூசும்.

தூக்கக் குளிசை விழுங்கியும் கண் மூடவில்லை. கடைசியில் றினோஸாதான் கைபேசியில் தேடி, அறுகம்பே விடுதியொன்றில் மிதக்கும் தொட்டி இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

"ஒரு மணித்தியாலம் தண்ணியில சும்மா மிதக்கிறதுதான் மாமி. வெள்ளக்காரங்க தூக்கம் வாறத்துக்கு அதத்தான் செய்றாங்க. நான் புக் பண்ணிட்டன்."

"கடல் பக்கத்திலதானே கிடக்கு. அதுல மிதந்தாக் காணாதா?"

"கடல் உங்களச் சும்மா விடுமா மாமி?"

பஸ்ஸில் குலுங்கிப் பொத்துவிலில் இறங்கி, ஓட்டோ பிடித்துப் போனாள். விடுதியில் தொட்டியைப் பார்த்துக்கொள்பவள் சுஜித்தா, திருக்கோவில் ஊர்த் தமிழ்ப் பிள்ளை. மூடி போட்ட பெரிய தொட்டி, முழங்காலுக்கும் எட்டாத இளஞ்சூட்டுத் தண்ணீர், அதில் மூட்டை மூட்டையாகக் கரைத்த பேதியுப்பு. பேதியுப்பு வயிற்றைக் கழுவத்தான் என்று அறிந்திருந்த சரீபா தயங்கினாள்.

"குடிக்கிறதுக்கில்லம்மா, படுக்கிறதுக்கு. கண்ணுல மட்டும் பட விடாதீங்க. ஏதுமெண்டாத் தட்டுங்க, நான் வெளியில நிக்கிறன்."

உடுப்பில்லாமல் இறங்கலாம் என்றும் சொன்னாள். அதெல்லாம் நடக்கிற காரியமா? சரீபா குறுக்குக்கட்டோடு இறங்கிப் படுத்தாள். தண்ணீர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டது. மூடி விழுந்ததும் இருட்டு. ஒரு சத்தமில்லை.

உடம்பின் பாரம் அவள் அறிந்தது. ஒரு மையித்தைப் பக்கம் திருப்ப மூன்று பேர் வேண்டும். தன்னுடைய பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு, பழக்கம் யாரை விட்டது, கால்களைச் சேர்த்து வைத்தாள். வாயை மூடினாள். வலது கையை இடது கையின் மேல் வைத்தாள். குளிப்பாட்டத் தொடங்குமுன் சொல்லும் நிய்யத்தை உதடு தன்பாட்டில் சொல்லத் தொடங்கியது: இந்த மையித்தைக் குளிப்பாட்ட...

எந்த மையித்தை?

விறைத்துப் போனாள். எழும்பப் பார்த்து வழுக்கி விழுந்தாள். உப்புத் தண்ணீர் இரண்டு கண்ணிலும் பாய்ந்தது. மூடியில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

சுஜித்தா ஓடி வந்து அவளைப் பிடித்துத் தூக்கி, துவாயால் போர்த்திக் கதிரையில் இருத்தி, நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவினாள். எரிச்சல் அடங்கியது. அழுகைதான் அடங்கவில்லை.

"பயந்திட்டீங்களாம்மா?"

ஊரில் ஒருவரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்தப் பிள்ளையிடம் சரீபா சொல்லிவிட்டாள். "மகள், நான் மையித்துக் குளிப்பாட்டுறவ. என்னக் குளிப்பாட்டத்தான் ஆருமில்ல."

சுஜித்தா அவள் கைகளைப் பார்த்தாள். இனி இவளும் ஓரடி தள்ளி நிற்பாள் என்று சரீபா காத்திருந்தாள்.

"உங்கட முறை எனக்குத் தெரியாதம்மா," என்றாள் சுஜித்தா. "தலை கழுவத் தெரியும். கொஞ்சம் குனிங்க, இந்த உப்புக் காய்ஞ்சா முடி கம்பியாப் போயிரும்."

வாளியில் சுடுதண்ணீர் கலந்து, மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்து, பிடரியிலிருந்து மெதுவாக ஊற்றினாள். விரல்கள் முடிக்குள் இறங்கின. சரீபாவின் தலையை இன்னொருவர் தொட்டு வருடக்கணக்காகிறது. கழுத்து இளகியது. குளிசைக்கும் தொட்டிக்கும் வராத தூக்கம், ஈரத் துவாயோடு கதிரையில் குனிந்திருந்தவளுக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது.

"சூடு சரியா அம்மா?"

சரீபா இதை ஒவ்வொரு மையித்திடமும் கேட்பவள். முதல் வாளியை ஊற்றுமுன் குனிந்து காதோரம் கேட்பாள். கூட நிற்கும் பெண்கள் அவளுக்குப் பைத்தியம் என்பார்கள். இத்தனை வருடத்தில் ஒருத்தியும் பதில் சொன்னதில்லை. அதனால் இது தன்னிடம் கேட்கப்படுவது என்று விளங்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"காணாது மகள்," என்றாள். "இன்னும் கொஞ்சம் சூடா ஊத்து."