தொட்டில் கல்

திரையில் சபரகமுவ மாகாணத்தின் பெயர் வந்ததும் தேயிலைத் தோட்டத்துக் கிளப்புக்குள் கைதட்டல் பறந்தது. டிலானியும் தட்டினாள். ஓப்பநாயக்க ஊருக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தை ஓட்டுக் கேட்க வருகிறவர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நம் பக்கம் படத்தில் வருவதென்றால் சும்மாவா? நாட்டில் அணு உலை கட்டலாமா என்று பேச்சு அடிபடுகிற நேரம். அதைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டும் குழுவிலிருந்து இன்ஷிரா என்ற வரக்காப்பொலைப் பெண் ஞாயிறு மத்தியானம் வந்திருந்தாள். படம் சிங்களத்தில் இருந்தாலும் யாருக்கும் சிரமமில்லை. பாதிப் பேர் படத்துக்கு வந்தார்கள், மீதிப் பேர் அது முடிந்ததும் தின்னக் கிடைக்கப்போகிற ரோல்ஸுக்கு வந்தார்கள்.

அதுவரை வந்த காட்சிகளே போதும் போதும் என்றிருந்தன. எங்கோ ஒரு தேசத்தில் உலை வெடித்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் சனம் ஓடிப்போன ஊர். வீட்டுக்குள் மரம் முளைத்திருந்தது. எரித்து முடித்த கழிவை மலையைக் குடைந்து உள்ளே வைக்கிறார்கள். பேரன் பேத்தி காலம் தாண்டியும் கிட்டே போகக் கூடாதாம். டிலானி உச்சுக்கொட்டிக்கொண்டே பார்த்தாள். யாரோ எவரோ பட்ட துக்கம், அவ்வளவுதான்.

பிறகுதான் சபரகமுவ வந்தது. உலைக்கு எரிபொருளாகக்கூடிய தோரியம் உள்ள கல் இங்கத்தைய மாணிக்கச் சரளையிலும் கிடைக்கிறது என்றது குரல். வெள்ளைத் தாளில் ஒரு கல்லை வைத்தார்கள். சுண்டுவிரல் நகமளவு, கன்னங்கரேலென்று, நாலு பக்கமும் வெட்டி வைத்தது போல. கதிர்வீச்சை அளக்கும் ஒரு கருவியைக் கிட்டே கொண்டுபோனதும் அது கடகடவென்று அலறியது. கூடவே இசையும் ஏறியது. டிலானியின் தட்டிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்தக் கல் அவள் வீட்டுத் தொட்டிலில் இருக்கிறது.

மாணிக்கக் கல் தோண்டும் குழிக்குப் போகிற குடும்பங்களின் வழக்கம் அது. தோட்டத்தின் அந்த டிவிஷனில் இப்போது குழிக்குப் போகிறவன் அவள் புருசன் ராஜதுரை ஒருவன்தான். பிள்ளை பிறந்தபின் முதன்முதலாகச் சரளை அரிக்கும்போது, கூடையின் அடியில் தங்குகிற கறுப்புக் கல்லில் ஒன்றைத் தகப்பன் கொண்டுவர வேண்டும். விலைபோகாத கல், அளவுக்கு மீறிய கனம். அதைத் துணியில் முடிந்து தொட்டிலின் தலைமாட்டில் கட்டிவிட்டால், மண் தகப்பனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் சாயந்தரம் திருப்பி அனுப்பிவிடுமாம். கட்டியது டிலானிதான். பல் முளைக்கிற தினவில் மகள் அந்த முடிச்சைத்தான் சப்பிக்கொண்டு கிடக்கிறாள்.

படம் முடியும்வரை அவளால் இருக்க முடியவில்லை. பின்னால் நின்ற இன்ஷிராவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள்.

“மிஸ், அந்தக் கல்லு பச்சப்புள்ளகிட்ட இருந்தா என்னா ஆகும்?”

“ஏன் கேக்குறீங்க?”

டிலானி சொன்னாள். இன்ஷிராவின் முகம் வெளிறிப்போனது.

“பயப்படாதீங்க அக்கா. அந்தச் சத்தம் அவ்வளவு இல்ல. எடிட் செய்யக்கொள்ள நாங்கதான் கூட்டின. பாக்குறவங்க மனசுல படணும்டு.”

“கூட்டாட்டி எவ்வளவு மிஸ்?”

“எனக்குத் தெரியா அக்கா. நாங்க அதக் கேக்கல்ல.”

ஊரையே கதிகலங்க வைக்கத் தெரிந்தவளுக்கு இது தெரியாதாம். டிலானிக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. திட்டக்கூட நேரமில்லை. தேயிலைக்கு நடுவிலிருந்த குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடினாள்.

லயத்து வீட்டில் ராஜதுரை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க அவள் சொல்லி முடித்து முடிச்சில் கை வைத்ததும் பதறி எழுந்தான்.

“அத அவுக்காத. நாளைக்கு நா குழிக்குள்ள எறங்கணும்.”

“புள்ள வாயில வைக்குதுங்க!”

“சத்தத்த கூட்டி வச்சிருக்காங்கன்னு நீதானே சொல்ற? எனக்கும் எங்கப்பன் கட்டுனதுதான். நா என்னா செத்தா போயிட்டேன்?”

போன மழைக்குப் பக்கத்துக் குழி சரிந்ததும், அவன் வந்து சேரும்வரை தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதும் டிலானியின் நினைவுக்கு வந்தன. புருசனா பிள்ளையா என்று கேட்கிறது ஒரு கந்தல் முடிச்சு. கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தலையைத் திருப்பி முடிச்சை வாயால் கவ்வியது. டிலானி வெடுக்கென்று பிய்த்தெடுத்தாள். பிள்ளை வீரிட்டது. ராஜதுரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

வீசிவிடத்தான் வெளியே ஓடிவந்தாள். பின்னால் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தி. கீழே ஓடை, அடுத்த லயத்துக்கே அதுதான் குடிதண்ணீர். மேலே தேயிலை, விடிந்தால் பெண்கள் கொழுந்து பறிக்க நிற்பார்கள். பாதையில் போட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பொறுக்கும். உள்ளே அழுகை நிற்கவில்லை. எச்சில் காயாத முடிச்சை விரல் நுனியில் தொங்கவிட்டு, உடம்பைவிட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கையை நீட்டிக்கொண்டு டிலானி வாசலில் நின்றாள். கை கடுத்தது. மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.