சம்மந்தி மீன்

"என்ன மீனுன்னு சொல்லுங்கம்மா. பேரு தெரிஞ்சாதானே மேற்கொண்டு பாக்க முடியும்?" டாக்டர் மறுபடியும் கேட்டார்.

மீன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து மீன் வெட்டுகிறவள் அவள்.

"பேரு தெரியாது டாக்டர். புதுசா வருது. உப்பிக்கிட்டு நிக்கும். கோவிச்சுக்கிட்ட சம்மந்தி மாதிரி இருக்குதுன்னு நாங்களே கேலியா சம்மந்தின்னு கூப்பிடுவோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. செவிலியைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

சில வருடங்களாகவே கடல் காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி கொதித்துக் கிடந்தது. கரையோரம் மண்டிக் கிடந்த மத்தி குளிர்ந்த தண்ணீரைத் தேடிப் போய்விட்டது. அது விட்டுப்போன இடத்தில் எந்தெந்தச் சூட்டுக் கடலிலிருந்தோ முன்பின் பார்த்திராத மீன்கள் வந்து குடியேறின. இந்தச் சம்மந்திக்குச் செதில் கிடையாது. கிளி மூக்கு மாதிரி பல். வலையைக் கடித்துக் குதறிவிடும். ஆரம்பத்தில் அவள் புருஷன் அதைத் தூக்கிக் கடலிலேயே எறிந்துகொண்டிருந்தான். பிறகு எறிந்தால் கூடை காலி என்று ஆனது.

நேற்று தங்கையும் தங்கை புருஷனும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை தையல்காரர், வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். மீன் சினை என்றால் அவருக்கு உயிர். விருந்தாளிக்கு நல்லதாகப் பார்த்து வைக்க வேண்டுமே என்று, சம்மந்தி வயிற்றில் இருந்த சினை முழுவதையும் அவர் தட்டிலேயே வைத்தாள். மற்றவர்கள் தின்றது வெறும் சதை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அவர், "உதடு மரத்துப் போச்சே அண்ணி, அவ்வளவு காரமா?" என்று சிரித்தார். பிறகு நாக்கு குழறியது. பிறகு கால் விழுந்தது.

இப்போது மூச்சுக் குழாயோடு கிடந்தார். இமைகூட அசையவில்லை.

"அவருக்கு நாம பேசுறது கேக்கலாம்" என்றாள் செவிலி.

மீன்காரி கட்டில் கம்பியைப் பிடித்தாள். "மாப்பிள்ள, நான்தான்... என் கையாலதான்..."

தங்கை அவள் வாயைப் பொத்தினாள். "வேணாம்க்கா. அவருக்குக் கேக்குது."

பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து அவள் கரைக்குப் போனபோது புருஷன் படகிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தான். நிறைய அதே மீன். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"என்னை என்ன பண்ணச் சொல்ற? வலையில வேற ஒண்ணும் ஏறல. தலையையும் குடலையும் எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதுன்னு ஏவாரி சொல்றாரு."

"அவரு திம்பாராமா?"

அவள் கூடையை இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் கவிழ்த்தாள். அவன் தடுக்கவும் இல்லை, கூட வந்து பிடிக்கவும் இல்லை.

மீன்கள் பந்துகளாக உப்பி, வெள்ளை வயிறு மேலே தெரிய, அலையில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு மிதந்தன. செத்துவிட்டன என்றுதான் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒன்று காற்றை விட்டுச் சுருங்கியது, புரண்டது, அவள் கால்களுக்கு இடையே வெதுவெதுப்பான தண்ணீரில் நிதானமாக நீந்திப் போனது. அடுத்து இன்னொன்று.