வலது காலில் ஒரு கட்டு

சென்னப்பன் அதியமான்கோட்டை நெடுஞ்சாலை ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்று நின்று இடது காலில் நரம்புச் சுருட்டு. தர்மபுரியில் ஊசித்துளை வழியாக லேசர் விட்டு அந்த நரம்பை அடைத்தார்கள். காலையில் போனவர் மத்தியானம் நடந்தே வெளியே வந்தார். தினமும் நடக்க வேண்டும், தொடைவரை வரும் இறுக்கமான சாக்ஸ் போட வேண்டும், அதன்மேல் எதையும் கட்டக் கூடாது, இரண்டு வாரம் ஓரிடத்தில் நிற்கவே கூடாது என்றார் டாக்டர்.

"நெஜமான ஆபரேசன்னா லீவு. இல்லன்னா உன் எடத்துல நிக்கிற சேலத்து மாஸ்டரே இருந்துக்கட்டும்" என்று முதலாளி மாதவராஜ் முன்பே சொல்லியிருந்தார்.

ஆர்லிக்ஸோடு பார்க்க வந்த, சென்னப்பன் மனைவி பூவிழியின் நாத்தனார், நோயாளி வாக்கிங் போயிருப்பதைக் கேட்டு வாயைப் பிளந்தாள். "தையலும் இல்ல, கட்டும் இல்ல. இது என்ன ஆபரேசன்?"

பூவிழிக்கு அது சுருக்கென்று தைத்தது. முதலாளி வருகிறார் என்றதும் கணவனைக் கட்டிலில் படுக்கவைத்து, பழைய வேட்டியைக் கிழித்து வலது காலில் சுற்றினாள்.

"ஏ புள்ள, இது நல்ல காலு!"

"அந்தக் காலுலதான் கட்டக் கூடாதுன்னுட்டாரே. வர்றவங்க பாக்க ஒரு கட்டு வேணாமா? பேசாம படுங்க."

மாதவராஜ் ரொட்டிப் பாக்கெட்டை வைத்துவிட்டுக் கட்டைப் பார்த்தார். "ஏன் மாஸ்டர், கல்லுகிட்ட இடது காலைத்தானே தூக்கித் தூக்கி வெச்சுக்குவ? வியாதி எப்ப எடம் மாறுச்சு?" ரொட்டியைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டார்.

சென்னப்பன் பதறி எழுந்து இடது கால் லுங்கியை உயர்த்தினார். "இதுங்க. சாக்ஸுக்குள்ள இருக்குதுங்க."

"கழட்டு, பாக்கலாம்."

பூவிழி உரித்தெடுத்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி.

"கொசு கடிச்சதுக்கா லீவு?"

"கொசு இல்லீங்க, லேசருங்க."

"மாட்டிக்கிட்டு நாளைக்கே கல்லுக்கு வந்துரு."

சாக்ஸ் குதிகாலிலேயே நின்றுவிட்டது. பூவிழி இழுத்தாள், நகரவில்லை. "தள்ளும்மா" என்று மாதவராஜ் குனிந்தார். கட்டில் காலில் தன் பாதத்தை முட்டுக்கொடுத்து இழுத்தார். கை வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். மறுபடி இழுத்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போனபோது சாக்ஸ் முழங்காலைத் தொட்டது.

"இன்னும் தொடை இருக்குதுங்க" என்றார் சென்னப்பன்.

மாதவராஜ் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பூவிழி நாத்தனாரின் ஆர்லிக்ஸைக் கலக்கிக் கொண்டுவந்தாள்.

"தெனமுமா இது?"

"தெனமும் குளிச்சதும் போடணுங்க."

"அப்ப நெஜமான ஆபரேசன்தான்யா. ரெண்டு வாரம் கழிச்சு வா."

ரொட்டியை அவரே பிரித்து, ஆர்லிக்ஸில் தோய்த்துத் தின்றார். "அந்த நல்ல காலை மொதல்ல அவுத்து விடும்மா" என்றார்.