கண்ணாடியில் ஒரு காது

"இதுலயும் நீதான்டி நிக்கிற! கண்ணாடியை எடுன்னா உன் மூஞ்சியவே எடுத்து வச்சிருக்க."

அக்கா அந்தச் சின்ன கேமராவைத் தங்கையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். தங்கையை வீட்டில் கூப்பிடுவது வாலு என்று. அக்கா இழைத்து இழைத்துச் செய்த மரச்சட்டத்துக்குள் வட்டக் கண்ணாடி ஒன்று சுவரில் பளபளத்தது. கைவினைப் பொருட்கள் விற்கும் கடைக்கார அம்மா அதைத் தன் இணையப் பக்கத்தில் போடச் சம்மதித்துவிட்டார். ஆனால் நல்ல படம் ஒன்று சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ.

"கொஞ்சம் பொறுக்கா. ஃப்ளாஷை அணைச்சுட்டேன், இப்ப பாரு."

கண்ணாடி நடுவே வெடித்த வெள்ளைப் பொட்டு போயே போச்சு. ஆனால் கை ஆடியதில் சட்டம் ரெட்டையாகத் தெரிந்தது. வாலு விடுவாளா? நாற்காலிமேல் தலையணை, அதன்மேல் பிஸ்கட் டப்பா, டப்பாமேல் கேமரா. கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுகிற சுவரில் மாட்டினாள். தன் உருவம் விழாதபடி கேமராவை ஓரமாகத் தள்ளினாள். மறு ஓரத்தில் அக்கா வீட்டுக்காரரை வெள்ளைப் போர்வையோடு நிறுத்தி, டைமரை அமுக்கிவிட்டு ஒதுங்கினாள்.

மரத்தின் வரி ஒவ்வொன்றும் துல்லியம்! அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

மாமா எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சுவத்துல எதுக்கு முக்காலிப் பலகைய மாட்டியிருக்கீங்க?"

அக்காவின் முகம் தொங்கிப்போனது. உண்மைதான். போர்வையின் வெள்ளை மட்டும் விழுந்ததில் அது கண்ணாடியாகவே தெரியவில்லை.

"அதுக்குள்ள ஏதாச்சும் தெரியணும்," என்றாள் வாலு. பூந்தொட்டியைத் தூக்கி மாமா கையில் திணித்தாள். "செடி மட்டும் தெரியணும் மாமா. நீங்க பின்னாடி ஒளிஞ்சுக்கோங்க."

"செடிக்குப் பின்னாடி ஒளியுற உடம்பாம்மா இது?"

கேமரா பீப் பீப் என்றது. இலை ஒன்று மாமாவின் மூக்கை நிமிண்டியது. அவர் தும்மவும் கேமரா படம் பிடிக்கவும் சரியாக இருந்தது.

படத்தில் பச்சைப் பசேலென்று இலைகள். கண்ணாடியின் ஓரத்தில் மாமாவின் ஒரு காது. இன்னொன்று எடுக்கலாமென்றால் ஜன்னலில் வெளிச்சம் வடிந்துவிட்டது. அக்கா படத்தை ஃபோனுக்கு மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு கடைக்கார அம்மாவுக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது: "படம் உயிரோட இருக்கு! முதல் பக்கத்துல போடுறோம். அந்தக் காதை வெட்டிடவா?"

அக்கா வாலுவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இறக்கிவிட்டதும் தொடங்கியது சண்டை.

"வெட்டச் சொல்லிடுறேன்," என்றாள் அக்கா.

"என் காதை வெட்ட நீ யாரு?" என்றார் மாமா.

"காது இருந்தாத்தாங்கா அது கண்ணாடின்னு தெரியும்! இல்லன்னா செடி வரைஞ்ச படம்னு நினைப்பாங்க," என்று குதித்தாள் வாலு.

கடைக்கார அம்மா பதிலுக்குக் காத்திருக்கிறார். நீங்களே சொல்லுங்கள், காதை வெட்டலாமா, விட்டுவிடலாமா?